கீழவாசல் பேட் பழுதுக் கடை: மட்டை உடைந்தவர்களும் மெக்கானிக்கல் படிப்பவர்களும் போக வேண்டிய இடம்

தஞ்சாவூரில் ராக்கெட் கட்டிங் (ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது), பேட் பழுது இரண்டுக்கும் யார் கேட்டாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கடை ஒன்று கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் பழைய பேட்களும் ராக்கெட் ஃபிரேம்களும்தான் அடையாளம். பெயரைப் போட வேண்டாம், கூட்டம் வந்தால் வேலை கெட்டுப்போகும் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. கீழவாசலில் எந்த இரும்புக் கடையில் விசாரித்தாலும் கை காட்டுவார்கள்.

நான் பாபநாசம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இந்தக் கடைக்குப் பல வருடமாகப் போகிறேன், பள்ளிச் சாமான் எல்லாம் இங்கேதான் உயிர் பெற்று வருகிறது. ஆனால் இதை உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. என்னிடம் விளையாடிய பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இன்ஜினியரிங் போகிறார்கள், இரண்டாம் வருடம் வந்ததும் போன் செய்து "சார், விளையாட்டையும் விட மனசில்லை, இந்தப் படிப்பை வைத்து விளையாட்டுப் பக்கம் ஏதாவது வேலை இருக்கா" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. மட்டை, பந்து, காலணி, ஹெல்மெட், ராக்கெட் எல்லாவற்றையும் யாரோ ஓர் இன்ஜினியர் உட்கார்ந்து வடிவமைக்கிறார். அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க நம் டெல்டாவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கடை விஷயம். அண்ணன் இளவயதில் ஜலந்தரில் ஒரு ராக்கெட் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஷட்டில் ராக்கெட் கட்டிங்குக்குக் கூலி 100 ரூபாய், நரம்பு விலை தனி. நீங்களே நரம்பு வாங்கிக்கொண்டு போனாலும் முகம் சுளிக்க மாட்டார். மெஷின் கையால் சுற்றுகிற வகை, ஃபிரேமை ஆறு இடத்தில் தாங்கிப் பிடிக்கும், அதனால் இழுவையில் ஃபிரேம் வளைந்துபோகிற பயம் குறைவு. ஆனால் இந்த வகை மெஷினில் ஒரு குறை உண்டு. நரம்பின் இழுவையை (டென்ஷன்) பவுண்டில் சொல்வோம், சொன்ன பவுண்ட் வந்ததும் இழுவை பூட்டிக்கொள்ளும், நரம்பு அதற்குப் பிறகும் கொஞ்சம் நீளும், ஆகவே கையில் வரும்போது டென்ஷன் சொன்னதைவிடக் குறைந்திருக்கும். எலக்ட்ரானிக் மெஷின் நரம்பு நீள நீள இழுத்துக்கொண்டே இருப்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. அண்ணனுக்கு இது தெரியும், கேட்டால் மறைக்காமல் சொல்வார். "எலக்ட்ரானிக்ல 24 போட்டிருந்தீங்கன்னா என்கிட்ட 26 சொல்லுங்க சார்" என்பார். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொரு விஷயம், ராக்கெட்டை வெயிலில் நிற்கிற காரிலோ பைக் பெட்டியிலோ வைக்கவே கூடாது. இப்போது வரும் நரம்பு பெரும்பாலும் நைலான், சூட்டில் தளரும், ஈரத்தையும் உறிஞ்சும். சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் இருக்கிற நம் ஊரில் நரம்பு அறுகிறவரை காத்திருந்து மாற்றுவது வீண், அதற்கு ரொம்ப முன்பே அது செத்துவிடுகிறது.

கார்பன் ஃபிரேம் விரிசல் விட்டால் ஒட்டித் தர மாட்டார். டபுள்ஸில் இரண்டு ராக்கெட் மோதி விரிசல் விடுவது அடிக்கடி நடப்பது, சிலர் ஏதோ பசை போட்டு ஒட்டி மேலே பெயின்ட் அடித்துக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். இவர் நேராகச் சொல்லிவிடுவார், "இது போயிடுச்சு, காசைக் கரியாக்காதீங்க." அப்புறம் அனுமதி கேட்டு அந்த ஃபிரேமை வாங்கி வைத்துக்கொள்வார். எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்ளே வெறும் குழாய், சுவர் அவ்வளவு மெல்லிசு, அதற்குள் பல அடுக்கு. சில அடுக்கில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, சில அடுக்கில் சாய்வாக. நீளவாக்கில் ஓடுவது வளையாமல் இருக்க, சாய்வாக ஓடுவது முறுக்காமல் இருக்க. எந்த அடுக்கு எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்கு, எங்கே தடிமன் கூட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் ராக்கெட் வடிவமைப்பு. மொத்த ராக்கெட்டும் 80 கிராமிலிருந்து 90 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதற்குள் இத்தனையும் நடக்க வேண்டும். இப்படி நாரும் பசையும் அடுக்கிச் செய்கிற காம்போசிட் பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த மாணவனுக்கு அந்த அறுத்த துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அவன் கேட்கிற கேள்வியே மாறிவிடும்.

என் பழைய மாணவன் ஒருவன், இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், அப்படித்தான் மாறினான். பள்ளியில் என்னிடம் பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடியவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் கடையில் போய் உட்கார்ந்துகொள்ளச் சொன்னேன். அண்ணன் பாடம் எடுக்க மாட்டார், கூட இருந்து கை வேலைக்கு உதவினால் கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். இரண்டு பேருக்கு மேல் உட்கார இடமும் கிடையாது.

அங்கே அவன் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கடையில் ஒரே எடையுள்ள இரண்டு காஷ்மீர் வில்லோ மர கிரிக்கெட் பேட் கிடந்தன, தராசில் போட்டால் கிட்டத்தட்ட 1180 கிராம், ஆனால் கையில் எடுத்தால் ஒன்று பறக்கிறது, இன்னொன்று இழுக்கிறது. பசங்க இதை பிக்கப் என்பார்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் நிலைமத் திருப்புத்திறன்தான் விஷயம். அதை அளக்க ஆய்வகம் வேண்டாம். பேட்டை ஹாண்டில் பக்கம் ஒரு புள்ளியில் தொங்கவிட்டு லேசாக ஆட்டி, பத்து ஊசலுக்கு ஆகும் நேரத்தை போனில் பார்த்துப் பத்தால் வகுத்தால் ஓர் ஊசலின் நேரம் கிடைக்கும். விரல் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து அதற்கும் தொங்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். எடை, தூரம், ஊசல் நேரம் மூன்றும் கையில் இருந்தால் கணக்கு இரண்டு வரி. அவன் போட்டுப் பார்த்தபோது பறக்கிற பேட்டின் எண் குறைவாக வந்தது. அப்புறம் ஹாண்டிலில் இன்னொரு கிரிப் ஏற்றினால் மொத்த எடை கூடியும் கை ஏன் லேசாக உணர்கிறது என்பதற்கும் பதில் கிடைத்தது, கூடிய எடை கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது, சமநிலைப் புள்ளி கைப் பக்கம் ஏறுகிறது. அண்ணன் இதை வருடக்கணக்காகக் கையால் தெரிந்து வைத்திருக்கிறார், பையன் அதை எண்ணாக மாற்றினான். விளையாட்டுப் பொருள் வடிவமைக்கும் இன்ஜினியரின் வேலை பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்: ஆட்டக்காரன் கையில் உணர்வதை அளவாக மாற்றுவது, அந்த அளவை வைத்து அடுத்த மட்டையைச் சரியாகச் செய்வது.

பேட் பழுதில் அண்ணனை அடிக்க ஆளில்லை. அறுவடை முடிந்த வயலில் தை, மாசியில் காலையில் பனி ஈரத்தோடு ஆடுகிறோம் இல்லையா, பேட்டின் அடிப்பாகம் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொண்டு, பிறகு காயும்போது வெடிக்கும். அதைப் பிரித்து, உலர்த்தி, பசை வைத்து இறுக்கி, அடியில் ரப்பர் காப்பு ஒட்டித் தருவார். மறுபடி அந்த இடத்தில் விரிசல் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. புது பேட்டை ஆளிவிதை எண்ணெய் தடவி மரச்சுத்தியால் தட்டிப் பதப்படுத்தியும் தருவார். தட்டும்போது ஹாண்டிலை லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் மேலே தட்டினால் கைக்கு அதிர்வே வராது, மற்ற இடத்தில் தட்டினால் சுரீர் என்கும். ஸ்வீட் ஸ்பாட் எங்கே என்று இதைவிட எளிதாக யாரும் காட்ட முடியாது.

எங்கள் பள்ளிக்கு ஒரு முறை வந்து இறங்கிய பேட்களை இங்கே சொல்லியே ஆக வேண்டும், சப்ளை செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதல் பருவம் முடிவதற்குள் ஹாண்டில் பிளேடில் சொருகும் இடத்தில் வரிசையாகக் கழன்றன. அண்ணன் பிரித்துப் பார்த்தார். பிளேடில் ஹாண்டில் உட்காரும் அந்த வி வடிவப் பள்ளத்தின் அடியில் பசையே போகவில்லை, மேலே மட்டும் பூசியிருந்தார்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழு வேகத்தில் சுழற்றும்போது பிளேடு தனியாகப் பறந்து பக்கத்தில் நிற்கிற குழந்தை மேல் விழுந்தால் என்ன ஆகும்? பொருள் தயாரிக்கிற இடத்தில் தரச் சோதனையில் ஓர் இன்ஜினியர் உட்கார்ந்து, பத்தில் ஒன்றை எடுத்து அறுத்துப் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. இந்த வேலையை வெறும் ஆசைக்கான வேலையாக நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

ஹெல்மெட் விஷயத்திலும் அண்ணன் அப்படியே. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை எவ்வளவு கெஞ்சினாலும் பழுது பார்க்க மாட்டார், உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிட்டால் வெளியே தெரியாது என்பார். 2014 நவம்பரில் சிட்னியில் பந்து கழுத்தில் பட்டு ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் இறந்த பிறகுதான் ஹெல்மெட்டின் பின்பக்கம் கழுத்தை மறைக்கும் காப்பு பரவலாக வந்தது. தலையைத் திருப்பவும் முடிய வேண்டும், அந்த இடமும் மூட வேண்டும், கனமும் கூடக்கூடாது. இதையெல்லாம் யோசித்தவர்கள் மெட்டீரியல் படித்தவர்கள், உடல் அசைவைப் பற்றிய பயோமெக்கானிக்ஸ் படித்தவர்கள்.

கடைச் சுவரில் ஒரு தகரத் துண்டு தொங்கும், பேட் நுழைந்து பார்க்கிற அளவு வெட்டியது. 2017 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை எழுதுகிற லண்டன் எம்.சி.சி. கிளப் பேட் விதியை மாற்றியபோது அண்ணன் தானே வெட்டிக்கொண்டது. எட்ஜ், அதாவது பேட்டின் பக்க விளிம்பு, 4 செ.மீ.க்கு மேல் கூடாது, மொத்தத் தடிமன் 6.7 செ.மீ., அகலம் 10.8 செ.மீ. பிளேடு மரம்தான் என்ற விதிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, 1979-ல் பெர்த்தில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கி ஆட்டமே நின்றது. ஈட்டி எறிதலில் இன்னும் சுவாரசியம். 1984-ல் கிழக்கு ஜெர்மனி வீரர் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்துவிட்டார், மைதானமே போதாது என்கிற நிலை, 1986-ல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 செ.மீ. முன்னால் தள்ளினார்கள், ஈட்டி சீக்கிரம் மூக்கைக் குத்தி இறங்கியது. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வடிவமைப்பு என்றால் கம்ப்யூட்டரில் படம் வரைவது மட்டும் என்று நினைக்காதீர்கள், அந்தந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை முதலில் படியுங்கள். பாதி வேலை அந்த எல்லைக்குள் என்ன செய்ய முடியும் என்று தேடுவதுதான்.

சரி, வேலை எங்கே கிடைக்கும்? 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் முதலாளிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறியதால் இந்தியாவின் விளையாட்டுச் சாமான் தொழில் இன்றும் அந்த இரண்டு ஊரைச் சுற்றித்தான். எஸ்.ஜி., எஸ்.எஸ். என்ற பேட் கம்பெனி இரண்டும் மீரட், நிவியா கம்பெனி ஜலந்தர். மீரட்டில் விளையாட்டுச் சாமான்களுக்கென்றே மத்திய அரசின் சிறு குறு தொழில் அமைச்சகத்தின் கீழ் ஒரு மேம்பாட்டு மையமும் இருக்கிறது. பல இடங்களில் இன்னும் மூத்த கைவினைஞர் கண்ணும் கையும்தான் வடிவமைப்புப் பிரிவு, ஆகவே "டிசைன் இன்ஜினியர்" என்ற பெயரிலேயே முதல் வேலை தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உற்பத்தி, தரச் சோதனை, அச்சு (மோல்டு) வேலை இந்த வழியாக உள்ளே போய் அங்கிருந்து நகர்வதுதான் நடக்கிற காரியம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் காலணி இருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே நிறுவனம் நைக்கிக்குக் காலணி செய்கிறது. ஓட்டக் காலணி இன்று சாதாரணப் பொருள் இல்லை, கார்பன் தகடு வைத்த காலணிகளால் சாதனைகள் மளமளவென்று உடைந்ததால் உலக தடகள அமைப்பு 2020-ல் சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகத் தடிமன் 40 மி.மீ., தகடு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு படிக்க எஃப்.டி.டி.ஐ. வளாகம், அடையாறில் தோல் ஆராய்ச்சிக்கு சி.எல்.ஆர்.ஐ., கிண்டியில் பிளாஸ்டிக் மோல்டு வேலைக்கு சிபெட், ஐ.ஐ.டி. மெட்ராஸில் விளையாட்டு அறிவியல் பகுப்பாய்வு மையம், எல்லாம் நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம். வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் இங்கிலாந்தில் லஃப்பரோ, ஷெஃபீல்ட் ஹாலம் இரண்டும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. அங்கே போகிறவர்களுக்கும் விண்ணப்பத்தில் காட்ட ஏதாவது சொந்தமாகச் செய்தது வேண்டும், வெறும் மார்க் போதாது.

அதற்குத்தான் மறுபடி கீழவாசல். பூப்பந்து நம் ஊர் விளையாட்டு, 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, 27-லிருந்து 30 கிராம், விட்டம் 5-லிருந்து 5.5 செ.மீ. என்று விதி. அண்ணன் கடையில் ஒரே டப்பாவிலிருந்த பந்துகளை என் மாணவன் நகை எடை பார்க்கிற தராசில் வைத்தான், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஈரத் தரையில் ஒரு கேம் ஆடிய பிறகு அதே பந்துகள் இன்னும் கனத்தன. 35 புள்ளி வரை போகிற ஆட்டத்தில் பந்தின் எடை நடுவில் மாறினால் அடிக்கிறவன் கணக்கே தப்பிவிடும். டேபிள் டென்னிஸுக்குப் பாருங்கள், பந்து 2.7 கிராம், 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் மேசையில் சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும் என்று வரை கறாராக அளந்து வைத்திருக்கிறார்கள். 2000-ல் 38 மி.மீ. பந்தை 40 ஆக்கினார்கள், 2014-லிருந்து செல்லுலாய்டை விட்டுப் பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். கிரிக்கெட் பந்து ஏன் ஸ்விங் ஆகிறது என்று அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த விஞ்ஞானி ரபீந்திர மேத்தா காற்றுச் சுரங்கம் வைத்து ஆராய்ந்தார், 1983-லேயே நேச்சர் அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. நம் கம்பளிப் பந்து மேல் யாராவது காற்றை ஊதிப் பார்த்திருக்கிறார்களா? ஈரம் ஏறாத நூல், எடை மாறாத சுற்று, ஐந்து பேர் கொண்ட அணியில் பின்வரிசைக்காரனுக்கு ஏற்ற ராக்கெட், ஒவ்வொன்றும் ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட். வல்லத்திலும் செங்கிப்பட்டியிலும் திருமலைசமுத்திரத்திலும் படிக்கிற பிள்ளைகள் இணையத்தில் விலைக்கு வாங்கிய புராஜெக்டை பைண்டிங் செய்து கொடுக்கிறார்கள், எனக்கு அது தாங்கவே இல்லை. உங்கள் கல்லூரியில் பொருளை இழுத்தும் அழுத்தியும் வலிமை பார்க்கிற யூ.டி.எம். மெஷின் சும்மா நிற்கிறது, போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறது, அண்ணன் கடையில் உடைந்த மட்டை மலையாகக் கிடக்கிறது.

பெண் பிள்ளைகளும் போகலாம், போகிறார்கள். என் பள்ளியில் ஹாக்கி ஆடிய ஒரு பெண் இப்போது இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறாள், சிறு பெண்களுக்கு ஷின் கார்ட் (முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு) எதுவும் சரியாக உட்காருவதில்லை என்று அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் அவளை "வாம்மா" என்று கூப்பிட்டு முதலில் நாற்காலியை நகர்த்திப் போடுவார், மற்ற பையன்கள் நிற்க வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குச் சாமான் கிடைப்பது அபூர்வம், ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வரை பள்ளிப் போட்டிக் காலத்தில் ஒரு வாரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பில் தர மாட்டார், பள்ளிக் கணக்குக்குக் காட்ட நான் படும் பாடு தனி. பையன் 28 பவுண்ட் கேட்டால் ஒரு முறை "வேண்டாம் தம்பி" என்பார், அவன் அடம் பிடித்தால் போட்டுக் கொடுத்துவிடுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை, வளரும் பிள்ளைக்கு 20, 22 போதும், நரம்பு கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பந்து தானாகத் தள்ளப்படும், தோளும் பிழைக்கும். பெற்றோர் கூடப் போய் இதைச் சொல்லிவிட்டு வருவது நல்லது. சந்துக்குள் கார் போகாது, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து கீழவாசலில் இறங்கி நடந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரைதான் உட்கார்ந்து பார்க்க விடுவார், மற்ற நாள் சாமானைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். மாணவர்கள் போகும்போது ஒரு நோட்டும் ஸ்கேலும் உங்கள் வீட்டில் உடைந்து கிடக்கிற ஏதாவது ஒரு மட்டையும் கொண்டு போங்கள், எங்கே எப்படி உடைந்தது என்று அவர் கேட்பார், அதற்குப் பதில் யோசித்து வையுங்கள். பேட் பழுதுக்கு 5-க்கு 5. கட்டிங்குக்கு 5-க்கு 4, எலக்ட்ரானிக் மெஷின் வாங்கும் நாளில் அந்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன்.